எல்ல வீதியில் கிடைக்காத சாப்பாடு

எல்ல நகரின் பிரதான வீதியை நடந்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். வெல்லவாயவிலிருந்து மலையேறி வரும் பாதையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் பீட்ஸா, பாஸ்தா, பர்கர், பழக்கூழ் என்று உலகத்தின் பாதிச் சமையலறைகளைத் தாண்டிவிடலாம். இடைக்கிடை சோறும் கறியும் என்று ஒரு பலகை தெரியும். பொழுது சாய்ந்தால் கொத்து ரொட்டி கொத்தும் சத்தம் கேட்கும். எல்ல மலை, சின்னச் சிவனொளிபாதம், ஒன்பது வளைவுப் பாலம் என்று விடியற்காலையிலிருந்து ஏறி இறங்கியவர்கள் கடைசியில் இந்த வீதியில்தான் வந்து உட்காருகிறார்கள். எங்கே சாப்பிடலாம் என்று கேட்டால் பயணக் கையேடுகள் சொல்லும் விடையும் இந்த வீதிக்குள்ளேயே முடிந்துவிடும். எனக்கு அந்த விடை போதாது. இந்தச் சரிவுகளில் நாள் முழுக்க ஏறி இறங்கும் உடம்புக்கென்று ஒரு சமையல் இலங்கையின் ஊவா மாகாணத்தில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. வீதிக்கு மேலும் கீழும் விரிந்துகிடக்கும் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளான லயங்களின் அடுப்புகளில் அது தினமும் வேகிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தச் சமையல் ஏன் ஒரு பலகைகூட மாட்டவில்லை என்பதைப் புரிந்துகொண்டால்தான் எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைக்கும்.

முதலில் சாப்பாட்டைப் பார்ப்போம். தோட்டத்து ரொட்டியைச் சப்பாத்தியோடும் பரோட்டாவோடும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. கோதுமை மா, தேங்காய்ப்பூ, உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். உருண்டை பிடித்துக் கையாலேயே தட்டித் தடிப்பாக எடுத்து, இரும்புத் தட்டில் போட்டு, விறகு நெருப்பில் இரண்டு பக்கமும் கருந்திட்டு விழும்வரை சுடுவார்கள். கூடவே சம்பல்: செத்தல் மிளகாய், வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி, தேங்காய், கைவசம் காசிருந்தால் கொஞ்சம் மாசி. மைசூர்ப் பருப்போ போஞ்சிக் கறியோ உருளைக்கிழங்குப் பிரட்டலோ சேர்ந்தால் அது நல்ல நாள். கொழுந்து பறிக்கும் பெண்கள் பெரட்டு எனப்படும் காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகுமுன் இதைச் சாப்பிட்டு, மிச்சத்தைச் சுற்றிக் கையோடு எடுத்துப் போவார்கள். மலைக் குளிரில் சோறு ஆறினால் விறைத்துப்போகும். ரொட்டி ஆறினாலும் தின்னலாம். அதற்குத் தட்டும் வேண்டாம், உட்கார இடமும் வேண்டாம். தேங்காயின் கொழுப்பு பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடும். சம்பலின் உப்பு வியர்வையில் போனதை ஈடுகட்டும். மலையேறிகளுக்கென்று பளபளக்கும் உறையில் சுற்றி விற்கும் தானியக் கட்டிகள் செய்யப் பார்ப்பதும் இதே வேலையைத்தான். ஆனால் அந்தக் கட்டிகளைத் தின்பவர் முதுகுப்பையோடு ஒருநாள் ஏறுகிறார். இந்த ரொட்டியைத் தின்பவர் கொழுந்துச் சுமையோடு வாழ்நாள் முழுக்க ஏறுகிறார்.

இந்த ரொட்டி தமிழ்நாட்டிலிருந்து வந்ததல்ல. கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய காலத்தில் அங்கிருந்து வந்தவர்கள் சோற்றையும் கேழ்வரகையும் அறிந்தவர்கள். 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியைத் தின்று தீர்க்க, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் தோட்டங்கள் கடல் கடந்து வந்த அரிசியை அளந்து கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்துக்கொண்டன. 1924இல் பதுளைக்கு வந்து சேர்ந்த ரயில் பாதை தேயிலையைக் கீழே இறக்கவும் அரிசியையும் மற்றச் சாமான்களையும் மேலே ஏற்றவும் போடப்பட்டது. இன்று அதன் கதவுகளில் தொங்கியபடி எடுக்கப்படும் படங்களுக்காகப் போடப்பட்டதல்ல. இரண்டாம் உலகப் போரில் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசி வரத்து அறுந்தது. பங்கீடு வந்தது, பங்கீட்டோடு கோதுமை மாவும் வந்தது. போருக்குப் பின்னும் இறக்குமதி மாவும், அமெரிக்க உதவியாக வந்த மாவும், அரசின் மானியமும் சேர்ந்து அதை மலிவாக வைத்திருந்தன. 1980இல் திருகோணமலையில் பிறிமா மா ஆலை இயங்கத் தொடங்கியபோது ரொட்டி லயத்தின் அன்றாட உணவாகவே ஆகியிருந்தது. கோதுமை விளையாத ஒரு தீவில், அதன் மத்திய மலைகளில், ஒரு மக்கள் கூட்டத்தின் அடிப்படை உணவு கோதுமை ஆனது இப்படித்தான். உழைப்பாளர்கள் தங்களுக்குக் கிடைத்த மாவை எடுத்து, பக்கத்தில் கிடைத்த தேங்காயைச் சேர்த்து, செய்யும் வேலைக்குப் பொருந்தும் ஒன்றை உண்டாக்கிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழும், எழவும் வேண்டும். தோட்டத்து ரொட்டி பசியின் உணவு. அதை உல்லாசப் பயணிக்குப் பரிந்துரைப்பது வறுமைக்குப் பூச்சூட்டுவது ஆகாதா? 1973, 74 காலத்தில் அரசு உணவு இறக்குமதியை வெட்டிப் பங்கீட்டைச் சுருக்கியபோது நாட்டில் எல்லோரும் பசித்தார்கள், ஆனால் தோட்டங்களில் மனிதர்கள் செத்தார்கள். கிராமத்தவருக்கு ஒரு துண்டுக் காணியில் மரவள்ளியோ வற்றாளையோ நடும் வழி இருந்தது. தோட்டத்தவர் காலடியில் இருந்த மண் முழுக்கத் தேயிலைக்குச் சொந்தம். அந்தக் கணக்கு இன்றும் தீரவில்லை. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப்புறத்தில் ஏறக்குறைய 32 பேர். இந்த எண்களை வைத்துக்கொண்டு ரொட்டியின் பெருமை பேசுபவர் கவனமாகப் பேச வேண்டும்.

ஆனால் அந்த எண்கள் சொல்லும் குறை ரொட்டியில் இல்லை. ரொட்டிக்குப் பக்கத்தில் இல்லாத முட்டையிலும் பாலிலும் மீனிலும் கீரையிலும் இருக்கிறது. அவை ஏன் இல்லை என்றால் சம்பளத்தைக் கேட்க வேண்டும். நீண்ட இழுபறிக்குப் பிறகு நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது 2024 செப்டெம்பரில்தான். எல்ல வீதியில் ஒருவர் அமர்ந்து ஒருவேளை மேற்கத்தியச் சாப்பாடும் ஒரு குளிர்பானமும் எடுத்தால் அதற்கு மேலேயே போய்விடும். ஏழைகளின் உணவை வெளியார் உண்பதே தவறென்றால் அந்த வீதியின் பாதிப் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். பீட்ஸா நேப்பிள்ஸ் நகரத்துக் கூலிக்காரர்கள் தெருவில் நின்று தின்ற பண்டம். அது மதிப்புப் பெற்றது பணக்காரர் தின்றதால் மட்டுமல்ல. அதைச் சுட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் கடல் கடந்து போய்த் தங்கள் பெயரில் கடை வைக்க முடிந்ததால். தோட்டத்து ரொட்டிக்கு வாய்க்காதது அந்த இரண்டாவது பகுதிதான்.

ஏன் வாய்க்கவில்லை? பதில் காணியில் இருக்கிறது. எல்லவில் உல்லாசப் பயணத் தொழில் வளர்ந்த விதத்தைப் பாருங்கள். 2009இல் உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு வெளிநாட்டார் வரத்து ஏறிக்கொண்டே போய், 2018இல் நாட்டுக்கு வந்தவர்கள் 23 இலட்சத்தைத் தாண்டினார்கள். எல்லவிலும் சுற்றுக் கிராமங்களிலும் பாதையோரம் காணி வைத்திருந்த குடும்பங்கள் முதலில் ஓர் அறையை வாடகைக்கு விட்டன, பிறகு சமையலறையை விரித்தன, பிறகு முன்பக்கத்தில் மேசை போட்டன. உறுதிப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் எடுத்து மாடி கட்டின. இதில் குறை சொல்ல எதுவுமில்லை, உழைத்துத்தான் முன்னேறினார்கள். ஆனால் அதே மலையில் லயத்தில் இருப்பவரால் இந்தப் படிகளில் முதலாவதைக்கூட எடுத்து வைக்க முடியாது. தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமை ஆயின. 1992இலிருந்து அவற்றை நீண்டகாலக் குத்தகைக்குப் பெருந்தோட்டக் கம்பனிகள் நடத்துகின்றன. லயத்துக் காம்பரா குடியிருப்பவருக்குச் சொந்தமில்லை. அதில் ஒரு சுவரை இடித்துச் சன்னல் வைப்பதற்கே தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். காணி இல்லை, ஆகவே உறுதி இல்லை. உறுதி இல்லாமல் கடனும் இல்லை, கடை உரிமமும் இல்லை. 1948இன் சட்டம் குடியுரிமையையே பறித்த மக்கள் அவர்கள். பல பத்தாண்டுகள் இழுபட்டு அந்தக் குடியுரிமை திரும்பியபோது காணி கூடவே திரும்பவில்லை. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையகத் தமிழர். அந்த மாவட்டத்தின் மிகப் பேர்போன உல்லாச வீதியில் அவர்களுடைய சமையலுக்குப் பெயர் சொல்லும் கடை இல்லாமல் போனதற்குச் சுவை காரணமல்ல. அவர்களுடைய பிள்ளைகள் அந்த உணவகங்களில் வேலைக்கு இருக்கிறார்கள்; பீட்ஸா மாவைப் பிசைவது யாருடைய கை என்று பின்கட்டில் போய்ப் பார்த்தால் தெரியும்.

வீதியின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பல வாரங்கள் ஊர் சுற்றும் ஒருவருக்கு ஒருநாள் உறைப்பில்லாத, பழகிய சாப்பாடு வேண்டியிருக்கும்; வயிறு கெட்டவருக்கு ரொட்டியும் சம்பலும் மருந்தாகாது. அதோடு, எல்லவின் குடும்ப விடுதிகளில் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் இரவுக்குக் கிடைக்கும் சோறும் கறியும் மெய்யாகவே நல்ல சாப்பாடு. வெலிமடையும் பண்டாரவளையும் உருளைக்கிழங்கு, போஞ்சி, கோவா, லீக்ஸ், கரட் விளையும் பூமி. கெப்பெட்டிபொல சந்தையிலிருந்து நாடு முழுவதற்கும் மரக்கறி போகிறது. தெற்கே பாதை இறங்கும் வெல்லவாய, தனமல்வில, திஸ்ஸமகாராமப் பக்கம் எருமைத் தயிரும் குரக்கனும் பூசணியும் கிடைக்கும் வறண்ட சமவெளி. மேட்டுக் காய்கறியும் பள்ளத்துத் தயிரும் சந்திக்கும் இடைவெளியில் எல்ல இருப்பதால், பூண்டை முழுசாகப் போட்டுத் தேங்காய்ப்பாலில் வைக்கும் கறியும், கடைசியில் கித்துள் பாணி ஊற்றிய எருமைத் தயிரும் இங்கே ஒரே மேசைக்கு வருகின்றன. அந்தச் சமையலை இரண்டு மணி நேரம் கூட நின்று கற்றுக்கொள்ளக் காசு கொடுத்து வெளிநாட்டார் வருவதே, பயணிகளுக்குப் பீட்ஸா மட்டும்தான் வேண்டும் என்ற வாதத்துக்குப் போதுமான பதில். உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடுகிறார்கள். தேடும்போது கண்ணில் படும் உள்ளூரைத் தின்கிறார்கள். மற்ற உள்ளூர் கண்ணில் படுவதில்லை.

அதைக் கண்ணில் பட வைக்க, தோட்டத்து மக்கள் தாங்களே காசு கொடுத்துச் சாப்பிடும் இடங்களுக்குப் போக வேண்டும். லயத்தில் கடை இல்லாவிட்டாலும் சம்பள நாளில் அவர்கள் இறங்கும் ஊர்கள் உண்டு. எல்லவிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரத்தில் பண்டாரவளை. சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் சுற்றிலும் சாப்பாட்டுக் கடைகள். ரயிலில் எதிர்ப்பக்கம் போனால், வளைந்து தன்னையே சுற்றிவரும் பாதைக்குப் பேர்போன தெமோதரை, அதைத் தாண்டிப் பதுளை. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டங்களுக்குப் பஸ் ஏறும் ஊர் பதுளை என்பதால் அங்கே சைவக் கடைகளும் முஸ்லிம் ஹோட்டல்களும் சிங்களவர் நடத்தும் பேக்கரிகளும் அடுத்தடுத்து இருக்கும். தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும் கடைக்குப் பஞ்சமில்லை. காலையில் போனால் இடியப்பம், சொதி, சம்பல், தோசை, உளுந்து வடை. பாண் என்றால் கூடப் பருப்பு. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணிக்குள் சோறு, அதற்குப் பிறகு போனால் ஆறிப்போனதுதான் கிடைக்கும். நடக்கப் போகிறவர் காலையிலேயே சோற்றுப் பார்சலோ ரொட்டியும் சம்பலுமோ கட்டி வாங்கிக்கொள்ளலாம். ரயிலில் ஏறிக் கூடையோடு வடையும் கடலையும் விற்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். காணி இல்லாதவர் நடத்தக்கூடிய உணவுக் கடை கூடைதான்.

நடைப்பாதையிலேயே சாப்பிட வேண்டுமென்றால் அப்புத்தளைப் பக்கம் போவது நல்லது. அப்புத்தளையிலிருந்து தம்பேதன்னைத் தொழிற்சாலைக்குப் போகும் பஸ் உல்லாச வண்டியல்ல, தொழிலாளர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறி இறங்கும் பஸ். தோமஸ் லிப்டன் 1890இல் கட்டிய அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீற்றர் தேயிலைக்குள்ளாக ஏறினால், அவர் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் முனை. கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீற்றர் உயரம், மூடுபனி ஏறுமுன் காலையிலேயே போய்விட வேண்டும். உச்சியில் இருக்கும் சின்னக் கடையில் ரொட்டி, சம்பல், பிளேன்டீ கிடைக்கும். ஏறிக் களைத்த உடம்போடு, லயங்களைக் கடந்து வந்த காலோடு, அந்த ரொட்டியைத் தின்னும்போது அது எதற்காக அப்படித் தடிப்பாக இருக்கிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சுத்தம் குறித்த அச்சம் பொய்யல்ல. எந்த மலைநகரிலும் தண்ணீர் ஒரு கேள்விதான். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று யோசித்தால் சிறு கடைகள் அவ்வளவு மோசமான நிலையில் இல்லை. சூட்டுக் கல்லிலிருந்து நேராக இலைக்கு வரும் ரொட்டி, கொதிக்கும் சொதி, கொதிநீரில் போட்ட தேயிலை ஆகியவற்றில் கிருமி தங்குவது கடினம். ஆள் கூட்டமுள்ள சாப்பாட்டுக் கடையில் சோறும் கறியும் மதியத்துக்குள் தீர்ந்துபோகும், ஆகவே பழையது வராது. நான்கு நாட்டுச் சமையலை ஒரே சமையலறையில் வைத்திருக்கும் கடை, யாரும் அடிக்கடி கேட்காத பண்டத்துக்கான இறைச்சியையும் குளிர்பெட்டியில் வைத்திருக்க வேண்டும். மின்சாரம் போய் வரும் ஊரில் எனக்கு அதுதான் அதிகம் கவலை தருகிறது. அரைத்து நெடுநேரம் வெளியில் இருந்த தேங்காய்ச் சம்பலை மட்டும் மாலைக்கு மேல் தவிர்ப்பது புத்தி, தேங்காய் சீக்கிரம் புளித்துவிடும்.

சாப்பாட்டில் கண்ட அதே கோணல் தேநீர் விஷயத்திலும் உண்டு. ஊவாவின் சிறந்த கொழுந்து ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை வரும். தென்மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று மலைமுகட்டுக்கு அப்பால் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் வறண்டு வீசுவதால், செடி வாடி இலைக்குள் மணம் திரளும். குடித்தால் தொண்டையில் லேசாகக் குளிர்வதற்குக் காரணம் மீத்தைல் சலிசிலேட் என்ற பொருள். அந்தத் தேயிலை ஏலத்துக்கும் ஏற்றுமதிக்கும் போகிறது. லயத்தில் கொதிப்பது பெரும்பாலும் மட்டமான தூள். எல்லவின் பல உணவகங்களில் உலகின் தலைசிறந்த தேயிலைச் சரிவைப் பார்த்தபடி நூல் கட்டிய பையைக் கோப்பையில் தொங்கவிட்டுத் தருகிறார்கள். நல்ல தேநீர் வேண்டுமென்றால் எல்லவுக்கும் பண்டாரவளைக்கும் இடையிலுள்ள ஹல்பேவத்தை போன்ற தொழிற்சாலைகளில் சுவைத்து வாங்கிக்கொள்ளலாம். சாதாரணத் தேத்தண்ணிக் கடையில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ வேறு வகை. நடந்து வந்தவருக்கு அதுதான் பொருத்தம், மணத்தை அங்கே தேடக் கூடாது.

இப்போது கண்டியிலிருந்து நுவரெலியா வரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வளைந்து போகும் பெக்கோ தடம், 22 பகுதிகளாகத் தோட்டங்களுக்கு உள்ளேயே நடப்பவர்களைக் கொண்டுபோகிறது. அப்புத்தளை, எல்ல, தெமோதரைப் பக்கங்கள் அதில் அடக்கம். லயங்களின் வாசல் வழியாக வெளியார் நடப்பது வழக்கமாகிவிட்டதால், சாப்பாட்டை வாசலிலேயே விற்கும் வாய்ப்பு முதன்முறையாக வந்திருக்கிறது. அழைப்பில்லாமல் அடுப்படியில் நுழைந்து படமெடுப்பது அசிங்கம். ரொட்டி சுட்டுத் தர முடியுமா அக்கா என்று கேட்டு, கடையில் கொடுக்கும் விலையையே கொடுத்து, திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுவது வியாபாரம். விருந்தோம்பலாக நினைத்துக் காசு வாங்க மறுக்கும் வீடுகளும் இருக்கும். அங்கே பிள்ளைகளுக்கு இனிப்புப் பொட்டலம் கொடுத்துக் கணக்கை முடித்துவிடாமல், காசை வீட்டுக்காரி கையிலேயே கொடுத்துவிட்டு வருவது மேல். ஆனால் இதெல்லாம் நிர்வாகம் கண்டுகொள்ளாத வரைக்கும் ஓடும் ஏற்பாடு. நிலையான கடையாக மாற வேண்டுமென்றால் மறுபடி காணிதான். 2025 அக்டோபரில் பண்டாரவளையில் இந்திய உதவி வீட்டுத் திட்டத்தின் கீழ் 2,000 குடும்பங்களுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. மலையகத்தின் மொத்தத் தேவைக்கு முன் இது சிறிய எண். பத்திரத்தோடு கடையும் வந்துவிடாது: தண்ணீர்க் குழாய், பிரதேச சபை உரிமம், முதல் மூட்டை மாவுக்கான கடன் எல்லாம் பின்னால் வர வேண்டும். அப்படி வரும்போது பாதையோரம் வீடு கிடைத்தவர்களின் முன்னறைகளில்தான் முதல் மேசைகள் போடப்படும். அதுவரை எல்லவுக்கு வருபவர் காலையில் பண்டாரவளையிலோ பதுளையிலோ சாப்பிட்டு, பார்சல் ஒன்று கட்டிக்கொண்டு மலையேறுவதுதான் நடைமுறைக்கு ஒத்த வழி.